அத்தானின் கால் நகமும் இங்கத்துப் பனி பூட்ஸும்

பிராம்ப்டன், கனடா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பிய அத்தானின் கால் போட்டோவைப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதியை அத்தான் கேட்க மாட்டார், அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடு.

பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, அடியில் மாவாக உதிர்கிற நகச்சொத்தை எனக்கும் இங்கே வந்த பிறகுதான் வந்தது. ஊரில் செருப்போடு திரிந்த காலுக்கு இங்கே காற்றே கிடையாது. நவம்பரில் மாட்டுகிற பனி பூட்ஸை ஏப்ரல் வரைக்கும் கழற்ற முடிவதில்லை, ரோட்டில் ஐஸ் உருகக் கொட்டுகிற உப்பு அதில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, வாசலில் அதற்கென்றே போட்டிருக்கும் ரப்பர் தட்டில் சேறும் தண்ணியுமாக நிற்கும். வேர்ஹவுஸுக்குப் போனதும் அதைக் கழற்றிவிட்டு, விரல் பக்கம் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ. வெளியே மைனஸ் 20, ஷூவுக்குள் மட்டும் சித்திரை வெயில். வேர்வையில் ஊறின காலில் முதலில் பூஞ்சை பிடித்து விரல் இடுக்கு தோல் உரியும், அரிக்கும், அதை விட்டால் அந்தப் பூஞ்சையே நகத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அத்தானுக்கு ஷூ இல்லை, ஆனால் நாற்றங்கால் தண்ணியும் சேற்றுப்புண்ணும் இருக்கே.

இங்கே டாக்டரைப் பார்க்கக் காசு இல்லை, மருந்துக்குத்தான் நாமே கொடுக்கணும், இல்லை கம்பெனி இன்ஷூரன்ஸ் கொடுக்கணும். நான் போனதும் மாத்திரை எழுதுவார் என்று பார்த்தால், நகத்தை வெட்டி, அடியில் இருந்த தூளைச் சுரண்டி ஒரு டப்பாவில் போட்டு லேபுக்கு அனுப்பிவிட்டார். சோரியாசிஸ் என்கிற தோல் நோய் வந்தாலும், ஷூ இடித்து இடித்துத் தடித்தாலும் நகம் இதே மாதிரிதான் இருக்குமாம், பூஞ்சையே இல்லாதவன் மாதக்கணக்கில் மாத்திரை தின்று என்ன பயன்? மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது சீக்கிரம் முடிந்துவிடும், வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு வாரக்கணக்கில் ஆகும். அத்தானுக்கும் முதலில் இதைச் செய்யச் சொல், பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் கேட்டால் சொல்வார்கள்.

பூஞ்சை என்று உறுதியானதும் எனக்குக் கொடுத்தது டெர்பினாஃபின் 250 மி.கி., தினம் ஒன்று, 12 வாரம். அதற்கு முன்னால் ஈரல் எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை. கூட வேலை செய்கிற பஞ்சாபிக்காரர் ஒருவருக்கு இதே மாத்திரையில் நாக்கில் ருசியே போய், ஊறுகாயைக் கூட மண்ணைத் தின்கிற மாதிரி தின்றார், நிறுத்தினதும் மெல்லத் திரும்பியது. நகத்தில் தடவுகிற சொட்டு மருந்தும் உண்டு, அதை 48 வாரம் தினமும் தடவணும், விலையைக் கேட்டால் தலை சுற்றும், நகம் முழுக்கப் பிடித்துவிட்டால் அது மட்டும் போதாது. இட்ராகோனசோல் என்று வேறொன்றைக் கொடுத்தால் அத்தானின் கொலஸ்ட்ரால் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டாமல் விழுங்க விடாதே, சிலதோடு அது சேராது. இதய பலவீனம் இருந்தால் அதுவே கூடாது.

மாத்திரை முடிந்த அன்றைக்கும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மருந்து பலிக்கலை என்று சொல்லக் கூடாது. பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், அடியிலிருந்து நல்ல நகம் முளைத்துப் பழசைத் தள்ளிக்கொண்டு வர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். எனக்கு இப்போதுதான் பாதி தெளிந்திருக்கிறது.

அத்தான் மெடிக்கலில் வாங்கிப் பூசுகிற அந்தக் கலவை க்ரீமை முதலில் தூக்கிப் போடு. அதில் ஸ்டீராய்டு இருக்கும், அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே சௌகரியமாக வளரும். மருதாணி அரைத்து வைப்பதையும் விடு, சிவப்பு ஏறிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாது. முக்கியமாக, சர்க்கரை இருக்கிற காலில் பிளேடால் நகத்தைச் சீவ விடாதே அக்கா. சின்னக் கீறல் உணர்ச்சி தெரியாமல் புண்ணாகி எங்கே கொண்டுபோய் விடும் என்று உனக்குத் தெரியும், நம் பெரியப்பாவைப் பார்த்தோமே.

வயலிலிருந்து வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துண்டால் ஒத்தி ஒத்தி உலர்த்தணும். அங்கே தோல் உரிந்தால் அதற்கும் தனியாக மருந்து போடணும், இல்லாவிட்டால் நகம் சரியானாலும் திரும்ப வரும். வீட்டுக்கே ஒரு நகவெட்டி வைத்திருக்கிறீர்களே, அத்தானுக்கு வேறு வாங்கிக் கொடு. நான் சாக்ஸை வெந்நீரில்தான் துவைக்கிறேன், ஷூ இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன், ஜிம் குளியலறைக்கு ரப்பர் செருப்போடு போகிறேன்.

லேப் ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவையும் சேர்த்து. அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
தம்பி