மருந்தை வாழைக்கு ஊற்றலாமா?

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வேப்பங்குச்சியையும் உமிக்கரியையும் புகழ்ந்து வந்த கட்டுரையை வாசித்தேன். பற்பசை வெறும் நுரையும் வாசமும்தான் என்று அதில் ஒரு வரி. நானும் உமிக்கரியால் பல் மினுக்கி வளர்ந்தவள்தான். ஆனால் அந்த வரியை ஏற்க மனம் வரவில்லை.

போன வருடம் என் பேரனின் முன்பல்லில், முரசை (ஈறை) ஒட்டி, சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைக் கீற்று. பல் வைத்தியர் காற்றடித்துக் காயவைத்துப் பார்த்தார். ஓட்டை இல்லை, அடைக்கத் தேவையில்லை, பல்லின் வெளி ஓடான மிளிரியில் (எனாமலில்) கனியுப்பு கரைந்திருக்கிறது, திரும்ப ஏற்றலாம் என்றார்.

இனிப்புத் தின்றதும் வாயிலுள்ள பக்ரீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. பி.எச். பெறுமானம் (அமிலம் கூடக் கூட இறங்கும் அளவு) 5.5 அளவுக்கு இறங்கினால் மிளிரியிலிருந்து கல்சியமும் பொஸ்பேற்றும் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, அவற்றைத் திரும்பப் படியவைக்கும். அந்த நேரம் பற்பசையில் சேர்க்கும் புளோரைட் பல்லில் இருந்தால் திருத்தவேலை விரைவாக நடக்கும். அது சேர்ந்து படியும் பளிங்கு ஏறக்குறைய 4.5 வரை தாக்குப்பிடிக்கும். உமிக்கரிக்குத் தேய்க்க மட்டுமே தெரியும். பனங்கட்டியைக் கடித்துக் கடித்து நாளுக்கு நாலு தரம் தேத்தண்ணீர் குடிக்கிற எங்களுக்கு அது போதாது. (பனங்கட்டியை விடும் எண்ணம் எனக்கில்லை.)

எங்கள் வீட்டில் பல் மினுக்கியதும் கிணற்றடியில் அரை வாளித் தண்ணீரால் வாயை அலசுவோம். பேரனுக்கும் அதைத்தான் பழக்கியிருந்தேன். வைத்தியர் சிரித்தார். "காசு குடுத்து வாங்கின மருந்தை வாழைக்கு ஊத்திறியள், அம்மா. நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம்." படுக்கப் போகுமுன் மினுக்குவதை விடக்கூடாது என்றும் சொன்னார். இரவில் உமிழ்நீர் குறைவாம்.

வவுனியா, அநுராதபுரப் பக்கத்துக் கிணறுகளில் புளோரைட் கூடிப் பிள்ளைகளின் பல்லில் கறை விழுவது உண்மைதான். ஆனால் அது பல் உருவாகும் வயதில் நாள்தோறும் விழுங்குவதால் வருவது. பசையை நாம் துப்பிவிடுகிறோம். துப்பத் தெரியாத, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசிமணி அளவு போதும், ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. வாங்கும்போது பெட்டியில் புளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழி விழுந்த பல்லை எந்தப் பசையும் நிரப்பாது.

பேரனின் கீற்று இன்னும் முழுதாக மறையவில்லை. ஆனால் முன்பு சொரசொரவென்று மங்கிக் கிடந்த இடம் இப்போது வழவழவென்று மினுங்குகிறது.

வாசகி,
கோண்டாவில்