நீ எழுதிய கப்பலைப் பற்றி

மணப்பாடு,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள், ஆனால் பூசைக்கு நடந்துதான் போவேன் என்று பிடிவாதம். வாடைக் காற்று தொடங்கிவிட்டது. பட்டறையில் மூன்று எஞ்சின் பிரித்துக் கிடக்கிறது. உப்பேறிய கார்புரேட்டரைக் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிற்று, அதனால் கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் பேசினால் நீ “நல்லா இருக்கேன்ப்பா” என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எனக்கும் போனில் வார்த்தை வராது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் முழிக்காதே.

செப்டம்பர் 14 திருநாள் பூசையில், நற்கருணை நன்மை கொடுக்கும் நேரத்தில் நீ பந்தலுக்கு வெளியே போய் நின்றாய். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னாய். சரி, வெயில்தான். மறுநாள் காலையிலேயே பெங்களூர் பஸ் ஏறிவிட்டாய். அதற்கப்புறம் உன் குரல் வேறு மாதிரி இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

போன வாரம் சித்தி மகன் வாட்ஸப்பில் ஒன்று அனுப்பினான். “பெரியப்பா, அக்கா எழுதின கதை” என்று. நீ சொல்லவில்லையே என்று நினைத்தேன், அவ்வளவுதான். போனில் எழுத்து சின்னதாக இருந்ததால் பஜார் கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்தேன். பதினொரு பக்கம். தாளை எடுத்துக் கொடுத்த பையனிடம், அவன் கேட்காமலே, “என் மகள் எழுதியது” என்றேன். நான்கு தடவை படித்துவிட்டேன்.

முதல் தடவை கோபம்தான் வந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? இருநூறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற விண்கப்பல். காலையில் ஒரு குரல் ஜெபம் சொல்கிறது. ஆயிரம் பேரும் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாதவனுக்கு அன்றைக்குச் சாப்பாட்டு அறைக் கதவு திறக்காது. அது சாமி குரல் இல்லை, முதல் கப்பித்தான் எப்போதோ பதிவு செய்துவைத்த குரல் என்று அந்தப் பெண் கண்டுபிடித்து, நடுச்சாமத்தில் போய் ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறாள். அதோடு தாளை மடக்கி வைத்துவிட்டு, “இதற்குத்தான் படிக்கவைத்தோமா” என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் மீன் கழுவப் போய்விட்டாள்.

இரண்டாம் தடவை எஞ்சின்காரனாகப் படித்தேன். இருநூறு வருஷம் ஓடுகிற எஞ்சினுக்கு வாஷர், சீல் எல்லாம் எங்கிருந்து வருகிறது? யார் மாற்றுகிறார்கள்? அதை நீ எழுதவில்லை. கப்பலுக்குள் ஒரு பட்டறை இருந்தே ஆக வேண்டும். அடுத்த தடவை சேர்த்துவிடு.

மூன்றாம் தடவைதான் அந்தத் தண்டு கண்ணில் பட்டது. விண்கல் மோதி முறிந்த ஆன்டெனாத் தண்டை நடைபாதை முனையில் நட்டுவைத்திருக்கிறார்கள். ஏன் நட்டார்கள் என்று அங்கே யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் கடந்து போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். நீ அதை அரைப் பக்கம்கூட எழுதவில்லை. எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது மகளே. போர்த்துகீசியக் கப்பல் புயலில் மாட்டியதும், உயிரோடு கரை சேர்ந்தால் முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக நடுவேன் என்று கப்பித்தான் நேர்ந்துகொண்டதும், சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தபோது அந்தச் சிலுவை ஏற்கனவே மணல்மேட்டில் நின்றதும் உனக்கு யார் சொன்னது? மேட்டில் ஏறக் கால் புதைகிறது என்று அழுதாய், தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நான் சொன்னதுதானே? நம் சிலுவையை நீ அவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறாய். எந்தக் கிரகத்துக்கோ போகிற கப்பலில் மணப்பாட்டை ஏற்றியிருக்கிறாய். பிறகு எதற்கு இந்த ஊருக்கு வந்தால் ஒரே நாளில் ஓடுகிறாய்?

சரி, விடு.

குலசை ராக்கெட் ஏவுதள வேலை நடக்கிறது. லாரி போகிற தூசியில் ரோட்டோரத்துப் பனையெல்லாம் வெளுத்துப்போய் நிற்கிறது. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்பார்களே, அன்றைக்குப் பிழைப்புக்கு என்ன வழி என்று கரையில் பேச்சு. அது நியாயமான கவலைதான். அடிக்கல் நாட்டிய அன்று, 2024 பிப்ரவரி 28-ம் தேதி, நீ போனில் அரை மணி நேரம் பேசினாய். அதற்கு முன்னும் பின்னும் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு நேர் தெற்கே விட்டால் ராக்கெட் இலங்கைக்கு மேலே போகும், அதனால் முதலில் ஒதுங்கிப் போய் அப்புறம் வளைந்து திரும்புகிறது, அந்தத் திருப்பத்திலேயே எரிபொருள் கரைகிறது, 500 கிலோ தூக்குகிற சின்ன ராக்கெட் அதைத் தாங்காது, குலசையிலிருந்து என்றால் நேரே கடல்தான் என்று விளக்கினாய். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். அன்றைக்கு ராக்கெட்டைப் பற்றித்தான் யோசித்தேன். இப்போது வேறு யோசனை. நீயும் இத்தனை வருஷம் என்னைச் சுற்றி வளைந்துதானே போயிருக்கிறாய்? அதில் உனக்கு எவ்வளவு கரைந்ததோ.

ஏழாம் வகுப்பில் திருவனந்தபுரம் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? தும்பாவில் மகதலா மரியா கோவில், அதுதான் இப்போது ராக்கெட் அருங்காட்சியகம். விக்ரம் சாராபாய் கேட்க, ஆயர் பெரெய்ரா சம்மதிக்க, மீன்பிடிக்கிற சனம் கோவிலையும் குடியிருந்த இடத்தையும் விட்டுக் கொடுத்தது. 1963 நவம்பர் 21-ம் தேதி அங்கிருந்துதான் முதல் ராக்கெட் போனது. ராக்கெட்டின் மூக்கைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற படத்துக்கு முன்னால் நீ ரொம்ப நேரம் நின்றாய். வெளியே வந்து, “சாமி இருந்த இடத்துல ராக்கெட் வச்சிருக்காங்களே, சாமிக்குக் கோபம் வராதாப்பா?” என்றாய். நான், “சாமி எங்கேயும் போகலை, அவங்களோட சேர்ந்து வேலை பார்த்தார்” என்றேன். அதை நான் சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். நம்பித்தான் சொன்னேன், ஆனால் வீட்டில் அப்படி நடந்துகொள்ளவில்லை.

பங்குச்சாமி கொடுத்த பத்திரிகையில் ஒரு சேதி படித்தேன். மைக்கேல் ஹாப்கின்ஸ் என்று அமெரிக்க விண்வெளி வீரர். 2013-ல் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது ஆயரிடம் அனுமதி வாங்கி நன்மை கொண்டுபோயிருக்கிறார். ஆறு அப்பத்தை நான்கு நான்காகப் பிட்டு, வாரத்துக்கு ஒரு துண்டு. அங்கே அவரைக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை. ‘ஏன் நன்மை வாங்கவில்லை’ என்று கேட்க அப்பனும் இல்லை, ஊரும் இல்லை. அவராக வாங்கிக்கொண்டார். வேறு எதற்காகவும் இதை எழுதவில்லை. உனக்குப் பிடிக்கும் என்று எழுதினேன்.

ராத்திரி கண் முழிக்காதே என்று சொன்னேனா? கதையை ராத்திரியில்தான் எழுதுகிறாய் என்று தெரியும். கடைசிப் பக்கங்களில் நிறைய எழுத்துப் பிழை.

நீ வேலை பார்க்கிற கருவியைப் பற்றி இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ‘நடுக்கடலில் வயர்லெஸ் எட்டாத இடத்தில் இருக்கிற படகுக்குச் செயற்கைக்கோள் வழியாகப் புயல் சேதி வரும், அதற்குள்ளே என் மகள் எழுதிய எழுத்து ஓடுகிறது’ என்று. 2017 ஒக்கிப் புயலில் அப்படி ஒன்று இருந்திருந்தால் கன்னியாகுமரிப் பக்கம் எத்தனை வீடு பிழைத்திருக்கும்! அந்த ராத்திரி கோவிலில் விடிய விடிய ஜெபமாலை சொன்னோம். நீ கல்லூரி விடுமுறையில் வந்திருந்தாய். மூன்று நாள் கழித்து, கரைக்கு வராதவர்கள் பேரைப் படித்துக்கொண்டிருந்தபோது, “நம்ம ஜெபம் அங்க எட்டலையாப்பா?” என்று கேட்டாய். “வாயை மூடு” என்று சத்தம் போட்டேன். பக்கத்து வீடுவரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்குப் பதில் தெரியவில்லை மகளே. அதனால்தான் கத்தினேன். இன்றைக்கும் தெரியாது. நீ அந்தக் கேள்வியை என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை. போய் ஒரு கருவி செய்யக் கற்றுக்கொண்டாய்.

நான்காம் தடவை நேற்று படித்தேன். ஃபியூஸைப் பிடுங்கியபின் மூன்று நாள் கப்பலில் ஒரு சத்தமும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். மூன்றாம் நாள் ஒரு கிழவி, யாரும் சொல்லாமல், வலைநூலில் முடிச்சுப் போட்டு எண்ணிக்கொண்டு தானாக ஜெபிக்கத் தொடங்குகிறாள். அது உன் ஆச்சி. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவள் அப்படித்தான் எண்ணுவாள், இடது கையில் நூல், வலது கையில் ஈ விரட்டப் பனை விசிறி. முதல் தடவை கோபத்தில் இந்த இடத்துக்கு நான் வரவே இல்லை. நீ ஜெபத்தை அணைக்கவில்லை, பூட்டைத்தான் பிடுங்கியிருக்கிறாய். ஆண்டவர் ஏதேன் தோட்டத்தில்கூட அந்த மரத்தைச் சுற்றி வேலி போடவில்லை. வேலி போடுகிற வேலையெல்லாம் நம்முடையது.

அந்தக் கதவு எந்தக் கதவு என்றும் எனக்குப் புரிந்தது. ராத்திரி ஏழு மணிக்கு முழங்கால் போடாதவர்களுக்குச் சோறு கிடையாது என்று சட்டம் வைத்தது நான்தான். நீ காய்ச்சலில் இருந்த அன்றைக்கும் ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று மணியையும் சொல்லவைத்தேன். உன் அம்மா அடுக்களை வாசலில் நின்று அழுதாள். அந்தக் கப்பித்தான் குரல் என் குரல்தான்.

அப்புறம் அந்த நோட்டு. அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை பேசியதில்லை. நீ ஒன்பதாம் வகுப்பு. நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. காலாண்டில் கணக்கில் மார்க் குறைந்தது என்று பையைத் தேடினேன், அது கிடைத்தது. உள்ளே நிலாவுக்குப் போகிற கதை, அங்கே கோவில் இல்லை, சாமியார் இல்லை என்று ஒரு வரி. அப்போது நான் பங்குப் பேரவையில் இருந்தேன். யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்பதுதான் முதலில் மனதில் வந்தது, ஆண்டவர் இல்லை. பட்டறைக்குப் பின்னால் எண்ணெய்ப் பஞ்சு எரிக்கிற டிரம்மில் போட்டேன். உன்னைப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டேன். எண்ணெய்ப் பஞ்சில் பட்டதும் அட்டை முதலில் சுருண்டது, அப்புறம் பக்கம் பக்கமாக விரிந்து எரிந்தது, ஏதோ காற்று புரட்டிப் படிக்கிற மாதிரி. நீ அழவில்லை. அழுதிருந்தால் கையை விட்டு எடுத்திருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எடுத்திருக்க மாட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

நீ வந்தால் பூசைக்கு வா என்று கூப்பிட மாட்டேன். வீட்டுக்கு வா. ஏழு மணிக்கு நானும் அம்மாவும் முழங்கால் போடுவோம், நீ உன் பாட்டுக்குச் சோறு போட்டுச் சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு வர முடியுமா என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடு, அவள் தினமும் காலண்டரைப் பார்க்கிறாள். நெத்திலிக் கருவாடு கட்டிவைத்திருக்கிறோம், புதன்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். டிரைவர் போன் செய்வார், எடு. ஆபீஸ் வேலை என்று எடுக்காமல் இருந்துவிடாதே.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த நோட்டில் நான் இரண்டு பக்கம்தான் படித்தேன். கட்டுமரம் நிலாவில் போய் இறங்குகிறது. நங்கூரம் போடுகிறார்கள், தூசியில் அது பிடிக்கவில்லை, மரம் வழுக்கிக்கொண்டே போகிறது. கிழவர் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குகிறார். அதோடு பக்கம் முடிந்தது, நான் புரட்டவில்லை. பதினான்கு வருஷமாக, படகில் நங்கூரம் கட்டும்போதெல்லாம் அந்தக் கிழவர் நினைப்பு வருகிறது. அவர் கால் ஊன்றியதா? மரம் நின்றதா?

உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது. இல்லையென்றால் யோசித்து எழுது. பகலில் எழுது.

அன்புடன்,
அப்பா