கோழிக்கூண்டின் மேல் சோலார் பலகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபக் கூரையில் இருந்த சோலார் பலகைகளில் சில, அண்மையில் அடித்த காற்றில் பெயர்ந்து விழுந்தன. மாட்டிய குத்தகையாளரை அழைத்தால் "வந்து பார்க்கிறோம்" என்கிறார், ஆளைத்தான் காணோம். அதற்குள் ஒரு பலகை லயத்தில் கோழிக்கூண்டுக்குக் கூரையாகிவிட்டது. இன்னொன்றின் அலுமினியச் சட்டத்தைப் பழைய இரும்புக்காரர் கழற்றிக்கொண்டு, கண்ணாடியைச் செம்பனை ஓரம் வீசிவிட்டுப் போனார்.

நான் தோட்டத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். "மெயின் அடைச்சாச்சு, ஒன்னும் ஆகாது" என்று இளைஞர்கள் கூரை ஏறுவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. தெனாகா மின்வாரியக் கம்பிக்கு அது சரி. சோலாருக்கு வெயில்தான் மெயின். அதை யார் அடைப்பது? கரண்ட் போனால், பலகை தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் நின்றுவிடும், ஆனால் பலகைக்கும் அதற்கும் இடையிலுள்ள வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஒரு பலகை ஏறக்குறைய 40 வோல்ட். பத்தை வரிசையாக இணைத்தால் 400 வோல்ட், அதுவும் ஒரே திசையில் ஓடும் டிசி. திசை மாறி மாறி ஓடும் நம் வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய வழியுண்டு. டிசி பொறி பிடித்தால் விடாது. கண்ணாடி விரிசலில் மழைநீர் இறங்கினால் சட்டத்திலும் கரண்ட் வரலாம்.

சோலாரால் ரேடியேஷன், புற்றுநோய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை விட்டுத்தள்ளுங்கள். கவலைப்பட வேண்டியது காரீயத்துக்கு. பெரும்பாலான பலகைகளில் செல்களை இணைக்கும் பற்றாசில் (சோல்டர்) அது இருக்கிறது. நொறுங்கிய துண்டுகளின் மேல் கோழி மேய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். காரீயம், செம்பு, வெள்ளி கலந்த மின்னணுக் கழிவை நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகள் எஸ்.டபிள்யூ. 110 என்று தனியாகவே குறித்திருக்கின்றன. அதைக் குப்பையோடு கொட்டக்கூடாது.

சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்கு மின்கட்டணம் நன்றாகவே குறைந்தது. ஆனால் மாட்டும்போது போடும் ஒப்பந்தத்திலேயே, உடைந்ததைத் திரும்ப எடுத்துப்போவது யார் என்று நிர்வாகங்கள் எழுதி வாங்க வேண்டும். டிசி சுவிட்ச் எங்கே என்று தமிழிலும் மலாயிலும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். தீப்பிடித்தால் பொம்பாக்காரர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது. கூரையில் தொங்கும் வயர்களையாவது அதற்குள் குத்தகையாளர் வந்து எடுத்துவிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
சுங்கை சிப்புட், பேராக்