ராஜாவுக்குச் சளி சரியாகிவிட்டது: தபால்தலைக் கூட்டத்துக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் தபால்தலைக் கூட்டத்து அண்ணன்மார், அக்காமார், மாமாக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மழையில் நனைந்த என் அப்பாவின் தபால்தலை ஆல்பங்களைக் காப்பாற்றித் தந்ததற்கு ஆளாளுக்குப் போன் போட்டு நன்றி சொல்லத்தான் பார்த்தேன். நான் வாயெடுப்பதற்குள் "டீச்சரம்மா, அதை விடுங்க, ராஜாவுக்குச் சளி எப்படி இருக்கு?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். முழுவதும் படித்துவிட்டுத்தான் நீங்கள் பேச முடியும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் ரங்கூன் மழை எப்படிக் கொட்டும் என்பது எல்லாரும் அறிந்ததுதான். நாங்கள் இருக்கும் பழைய கட்டடத்தின் சுவர் வழியாக இரவோடு இரவாகத் தண்ணீர் இறங்கி, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் அத்தனையும் ஊறிப்போயின. அவை என் அப்பா சேர்த்தவை. 1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தபோது, இந்தியத் தபால்தலைகளின் மேலேயே பர்மா என்று அச்சடித்து விற்றார்களே, அங்கே தொடங்குகிறது அப்பாவின் முதல் ஆல்பம். அடுத்த ஆண்டு வந்த, ஆறாம் ஜார்ஜ் ராஜாவின் முகம் போட்ட வரிசை, அதில் தேக்குக் கட்டையோடு நிற்கும் யானை, ஐராவதி ஆறு. பிறகு 1942இல் அந்தத் தபால்தலைகளிலேயே ராஜாவின் முகத்தை மறைத்து மேலே அச்சடித்த மயில் உருவங்கள். 1952இல் ரூபாயும் அணாவும் போய், கியாட்டும் பியாவும் வந்தது வரை அப்பா விடாமல் சேர்த்திருந்தார்.

விடியும் நேரத்தில் நனைந்த பக்கங்களைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பினேன். கூட ஒரு வரி எழுதக்கூட எனக்குக் கை ஓடவில்லை. முதல் பதில் தட்டோன் மாமாவிடமிருந்து வந்தது: "யானை நனைஞ்சா ஒண்ணும் ஆகாது, அது ஆத்துல குளிக்கிற ஜீவன். ராஜாவை மட்டும் தனியா எடுத்துத் தலை துவட்டி விடுங்க, சளி பிடிச்சுக்கும்." படித்ததும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அடுத்த நிமிடமே அவரே கூப்பிட்டார். குரலில் விளையாட்டே இல்லை. "ஆல்பத்தை மூடாதீங்க. வெயில்ல வைக்காதீங்க. ஒட்டினதைப் பிய்க்காதீங்க. நாங்க வர்றோம்."

அந்த மூன்றையும் அவர் சொல்லாமல் விட்டிருந்தால் பாதிகூட மிஞ்சியிருக்காது. வெயிலில் வைத்தால் தாள் சுருண்டு நிறம் வெளுத்துவிடும். பிய்த்தால் பசையோடு முகமும் உரிந்துவிடும். முத்திரை குத்திய பழைய தலைகளில் பசை கிடையாது என்பதால் அவற்றை அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டே காப்பாற்றினோம். முத்திரை விழாத புதுத் தலைகள்தான் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தின. அதற்கு வழி சொன்னவர் சென்னை அண்ணன். அவர் குடும்பம் அறுபதுகளில் இங்கிருந்து கப்பலேறிப் போனது. மூடி போட்ட டப்பா, அடியில் ஈரப் பஞ்சு, அதற்கு மேலே சின்னக் கம்பி வலை, வலையின் மேல் தபால்தலை. மூடி வைத்தால் ஈரக் காற்றிலேயே பசை இளகி, தாள் தானாகக் கழன்று வரும். "இட்லிக் கொப்பரை மாதிரிதாம்மா, ஆனா அடுப்புல ஏத்திடாதீங்க" என்றார். மோல்மீன் அக்கா சும்மா இருப்பாரா? "சென்னைக்குப் போனவருக்கு எதைப் பார்த்தாலும் இட்லிதான் தெரியும்."

அப்புறம் அந்தக் கயிறு. எங்கள் தெருவில் மாடிக்கு மாடி பால்கனியிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப் இருக்கும். செய்தித்தாள், கீரை, பால் எல்லாம் அதில்தான் மேலே ஏறும். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி இது. மூட்டுவலிக்கார மாமாக்கள் படியேற வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பன்சொடான் தெருப் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து ஈரம் ஒற்ற வாங்கிய அச்சடிக்காத தாள்கட்டுகளை அவர்கள் கயிற்றில் கட்ட, நான் இழுத்தேன். "என்னையும் சேர்த்து இழுத்துடுங்களேன்" என்று ஒரு குரல் கேட்டது. "உங்களை இழுக்கணும்னா அந்த யானை ஸ்டாம்பை விட்டு இறங்கி வரணும்" என்று இன்னொரு குரல். தெருவே சிரித்தது. கடைசியில் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறியே வந்துவிட்டார்கள். அந்தப் படிகளை நினைத்தால் இப்போதும் என் மனம் கலங்குகிறது.

ஓர் உறையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தேவகோட்டைக்கு என்று மை பென்சிலால் விலாசம் எழுதி, ஏனோ அனுப்பாமல் விட்ட உறை அது. ஈரம் பட்டதும் எழுத்தெல்லாம் ஊதாவாகப் பூத்து ராஜாவின் காது வரை ஏறிவிட்டது. மோல்மீன் அக்கா சாமணத்தால் ஒரு மூலையை மட்டும் பிடித்து, மெல்லத் தூக்கி, உறிஞ்சுதாளை அடியில் நுழைத்து, ஊதா பரவப் பரவத் தாளை மாற்றிக்கொண்டே இருந்தார். இவ்வளவு பேசும் அக்கா அந்த நேரம் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. விலாசம் மங்கலாக நிற்கிறது. அப்பாவின் கையெழுத்து என்று அடையாளம் தெரிகிறது. எனக்கு அது போதும்.

மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால், இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் குப்புற விரித்து, மின்விசிறியை மெல்ல ஓடவிட்டு உலர்த்தினோம். அந்த வீட்டார் பல நாள் சுவரோரமாகவே நடந்தார்கள். அவர்களுக்கும், அகராதி முதல் பழைய பஞ்சாங்கம் வரை பாரம் வைத்து அழுத்தத் தூக்கி வந்த பேரப்பிள்ளைக்கும் என் நன்றி.

போனதும் உண்டு. தண்ணீர் பட்டாலே சாயம் இளகும் சில தலைகள் வெளுத்துப்போயின. அதில் இனி செய்ய ஒன்றுமில்லை.

என் மகன் ஒருமுறை கேட்டான், "தினமும் காலையில் மயில் முட்டை போட்டதா என்று கேட்டுச் சிரிக்கிறீர்களே, இதில் என்னம்மா இருக்கிறது?" தட்டோன் மாமா மயில் சேகரிப்பவர். ஹென்சடா மயில், மியாங்மியா மயில் என்று இடத்துக்கு இடம் வேறு அச்சு, போலிகளும் ஏராளம். "போட்டது, ஆனால் போலி முட்டை" என்பார் அவர். "தோகை வைத்த ஆண் மயில் எப்படி முட்டை போடும்?" என்பார் அக்கா. இது இத்தனை வருஷமாக நடக்கிறது. மகனுக்கு அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். முதல் நாள் இரவு வரை என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர்கள் என்பதால்தான், விடியற்காலையில் யோசிக்காமல் உங்களுக்கு அந்தப் படங்களை அனுப்பத் தோன்றியது. மரியாதைக்கு மட்டும் பழகியவர்களாக இருந்திருந்தால், தொந்தரவு எதற்கு என்று பொழுது ஏறும் வரை காத்திருப்பேன். அதற்குள் ஆல்பம் காய்ந்து கட்டியாகியிருக்கும். நீங்கள் செய்த உதவிக்கு நன்றி. அதைவிட, தினமும் அடிக்கும் அந்த அரட்டைக்கு நன்றி. தயவுசெய்து அதை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் மொகிங்கா, அதுதான் மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ். உலர்ந்த தலைகளைப் புது ஆல்பத்தில் ஏற்ற வேண்டும், கைகள் வேண்டும். சாமணத்தை மறக்காமல் கொண்டு வாருங்கள். அப்பாவின் மயில்களில் ஒன்று அசலா போலியா என்று மாமாவும் சென்னை அண்ணனும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனைப் போனில் பிடித்துக்கொள்ளலாம். உருப்பெருக்கி மாமாவின் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் டீச்சரம்மா
ரங்கூன்