கயலுக்கு, தீசிஸ் கொடுத்த வாரத்தில்

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனில் பேசியது மனசை விட்டுப் போகவில்லை. போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிறகான ஆய்வு வேலை கேட்டு நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் போட்டு இரண்டு பேர்தான் பதில் எழுதினார்கள், "எனக்குத் தகுதி இல்லையோ அம்மா" என்று கேட்டாய். வீட்டில் ஆள் இருந்ததால் நிதானமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மெயிலைப் படித்தேன். மேலே பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் போகும். 'உங்கள் ஆய்வில் ஆர்வம் உண்டு' என்கிறாய், எந்த ஆய்வு என்று இல்லை. அந்தப் புரதம் இரண்டு வருஷம் படிகமே ஆகாமல் உன்னை அழவைத்தது. உப்பின் அளவை மாற்றிப் பார்த்து, ராத்திரி ஒரு மணிக்கு "வந்துடுச்சும்மா" என்று கூப்பிட்டாய். அது சி.வி.யில் ஒரு வரியாகக் கிடக்கிறது. அதை மெயிலின் முதல் பத்தியில் எழுது. எட்டுப் பேர் போதும். அவர்கள் கடைசியாகப் போட்ட பேப்பர்களைப் படி. அங்கே போய் எந்தக் கேள்வியை எடுப்பாய் என்று நாலு வரி எழுது.

சிதம்பரத்தில் பிறந்த விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன் பிஎச்.டி. வாங்கியது இயற்பியலில். அப்புறம் உயிரியலுக்கு மாறி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காக, செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமைக் கையில் எடுத்தார். அது முடிந்து ஆசிரியர் வேலைக்கு ஐம்பது இடங்களுக்குப் பக்கமாக விண்ணப்பித்தும் ஒன்றும் அமையவில்லை. ரைபோசோமை மட்டும் அவர் விடவில்லை. 2009இல் நோபல் கிடைத்தது அதற்குத்தான். அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரை அப்புறம் பார், கேள்வியை முதலில் பார்.

ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு (ஆய்வு உதவித்தொகை) விண்ணப்பக் கெடு வழக்கமாக செப்டம்பரில் வரும். அதற்குள் உன் வைவா, அதாவது தீசிஸ் மீதான வாய்மொழித் தேர்வு முடிந்திருக்க வேண்டும். போகிற நாட்டில், கெடுவுக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. உனக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆய்வுத் திட்டத்தை நீ போகிற லேபின் பேராசிரியரோடு சேர்ந்துதான் எழுத வேண்டும் என்பதால் மே மாதமே கேட்டுவிடு. ஜெர்மனியின் ஹம்போல்ட் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு பிஎச்.டி. முடித்து 4 வருஷம் வரை வாய்ப்பு உண்டு.

ரெகமண்டேஷன் லெட்டருக்கு உன் கைடிடம் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்கலாம், தப்பே இல்லை. 1992இல் எனக்கு ஒரு ஆய்வு இடம் கைநழுவிப் போனது. மறுபடி ஞாபகப்படுத்தக் கூச்சப்பட்டேன், கடிதம் கெடு தாண்டிப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

யாராவது சரி என்று சொன்னால் உடனே தலையாட்டிவிடாதே. அந்த லேபில் இருந்து வெளியே போனவர்கள் இரண்டு பேரிடம் பேசு. சம்பளம் எத்தனை வருஷத்துக்கு உறுதி, பேப்பரில் முதல் பெயர் யாருக்குப் போகிறது, கிளம்பும்போது உன் ஆய்வை உன்னோடு கொண்டுபோகப் பேராசிரியர் விடுவாரா என்று கேள். நேராகச் சொல்லத் தயங்கினார்கள் என்றால் அதையும் குறித்துக்கொள்.

மாமா கல்யாணப் பேச்சை எடுத்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அதை நினைத்து அவசரப்பட்டு எதையும் ஒப்புக்கொள்ளாதே.

முதல் மெயிலை எழுதியதும் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா