விளையாட்டுப் பாடவேளை பற்றி அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

போன தவணையில் ஒருநாள், தரம் 7 பிள்ளைகளின் உடற்கல்விப் பாடவேளையில் மைதானப் பக்கம் போனேன். வேப்பமரத்தடியில், மற்றப் பிள்ளைகள் கழற்றிப் போட்ட சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் ஒருத்தி குந்தியிருந்தாள். ஏன் விளையாடவில்லை என்று கேட்டேன். "கன்னை பிரிச்சு முடிஞ்சுது சேர். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள். கிழமைக்குக் கிழமை சப்பாத்துக்கு அவள்தான் காவலாம்.

இரண்டு நாள் எனக்கு மனம் ஆறவில்லை. உடற்கல்வி ஆசிரியையும் நானும் இருந்து, அணி அணியாகக் கன்னை பிரிக்கும்போது எப்போதும் மிஞ்சுவது யார் என்று எழுதிப் பார்த்தோம். ஓட முடியாதவர்கள் மட்டுமல்ல. சப்பாத்து இல்லாதவர்கள், மலையகத்திலிருந்து பாட்டன் காலத்தில் வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளைகள், பெரியபிள்ளையான பின் ஒதுங்கி நிற்கும் மகள்மார், காலில் குறையுள்ள ஒரு மகன். இந்தப் பிரிப்பைப் பிள்ளைகள் மைதானத்தில் பழகவில்லை. பெரியவர்கள் நாங்கள் கதைப்பதைக் கேட்டுத்தான் பழகியிருக்கிறார்கள்.

விளையாட்டும் உடற்கல்வியும் எல்லோருக்கும் உரிய உரிமை என்று யுனெஸ்கோ 1978இலேயே சாசனம் எழுதிவிட்டது. எங்கள் மைதானத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது சீட்டுக் குலுக்கித்தான் கன்னை பிரிக்கிறோம். எல்லோரும் வெறுங்காலோடு கிளித்தட்டு விளையாடுகிறார்கள்; முள், கல் பொறுக்கிய பிறகுதான் கோடு கீறுவோம். மறிக்கும் கன்னையில், கோடு வழியே ஓடி ஓடித் தொடும் கிளிக்குத்தான் ஓட்டம் வேண்டும். குறுக்குக் கோட்டில் மறிப்பவருக்குக் கண்ணும் கையும் போதும். கடைசிக் கோட்டில் இப்போது அந்த மகன் நிற்கிறான். அவனைத் தாண்டிப் போவது லேசில்லை.

இல்லப் போட்டிக்குப் புது ரீசேட் தைக்க வேண்டாம். இல்ல நிறத்தில் ஒரு ரிபன் போதும்.

செவ்வாய், வியாழன் மாலைகளில் முழு மைதானமும் பெண்பிள்ளைகளுக்கு. இதுவரை மணல் ஓரத்தில்தான் அவர்கள் வலைப்பந்து விளையாடினார்கள். "குமர்ப்பிள்ளைக்கு என்ன ஓட்டம்?" என்று சில வீடுகளில் கேட்பது எனக்குத் தெரியும். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் ஓடித் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 72. அவரும் எங்கள் வன்னிதான்.

தயவுசெய்து அந்த இரண்டு நாளும் மகள்மாரை மறிக்காதீர்கள். மாதவிடாய் நாள் என்றால் ஆசிரியையிடம் சொன்னால் போதும், வேறு காரணம் கேட்க மாட்டோம். நாலரைக்கு விடுவோம். ஏ9 வீதி பஸ் தரிப்பிடம் வரை ஆசிரியை ஒருவர் கூட வருவார்.

அன்புடன்,
அதிபர்