மூவாயிரம் டொலர் பற்றி

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. எழும்பி, கலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். முப்பது வருடம் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பித்தவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? ஏச வேண்டியதை நேற்றே ஏசிவிட்டேன். இது கணக்கு மட்டும்.

நீ சொன்ன எண்களையே எடுத்துக்கொண்டேன். கசினோவில் போக்கர் விளையாடி, ஒன்று-இரண்டு டொலர் கட்டும் சின்ன மேசையில் இரண்டு வருடம் வென்றாய். பிறகு பத்தாயிரம் டொலரோடு இரண்டு-ஐந்து மேசைக்கு ஏறினாய். கீழ் மேசையில் கசினோக்காரன் எடுக்கும் ரேக், வெல்லும் காசில் பெரிய பங்கைத் தின்றுவிடும், மேலே போனால் அது குறையும் என்றாய். நியாயமான காரணம்தான், மறுக்கவில்லை. கிழமைக்குப் பத்து மணித்தியாலமாகப் பதினைந்து கிழமை. மூவாயிரம் போய்விட்டது. "என்னில் பிழையில்லை அம்மா, அதிர்ஷ்டம் இல்லை" என்று மூன்று தரம் சொன்னாய்.

மணித்தியாலத்துக்கு முப்பது கை என்றால் மொத்தம் 4,500 கை. பெரிய பிளைண்ட் என்பது சீட்டுப் போடுமுன் ஒருவர் கட்டாயமாகக் கட்டும் காசு, உன் மேசையில் ஐந்து டொலர். நூறு கைக்கு ஐந்து பெரிய பிளைண்ட் வெல்லக்கூடிய கெட்டிக்காரன் என்றே உன்னை வைத்துக்கொண்டேன் (தாய் அல்லவா). நூறு கைக்கு நியம விலகல், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, தொண்ணூறு பிளைண்ட். நீங்கள் வேரியன்ஸ் வேரியன்ஸ் என்று சொல்வது வேறொன்றுமில்லை, நான் உனக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படிப்பித்த மாறற்றிறன்தான். 4,500 கைக்கு நீ வெல்ல வேண்டியது 225 பிளைண்ட். ஆனால் நியம விலகல் 600. நீ தோற்றதும் 600. அதாவது நன்றாக விளையாடுகிற பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு இவ்வளவோ இதைவிடக் கூடவோ போகும். சரி, உன் பேச்சு உண்மையாக இருக்கலாம்.

அப்புறம் தாளைத் திருப்பி இன்னொரு கணக்குப் போட்டேன். அந்த மேசையில் நீ வெல்லவும் மாட்டாய், தோற்கவும் மாட்டாய், சமமான ஆள் என்று வைத்தேன். இப்போது ஆறு பேரில் ஒருவருக்கு இந்த நட்டம் வரும். இரண்டு கதைக்கும் உன் மூவாயிரம் பொருந்துகிறது தம்பி. எது உண்மை என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓரளவுக்காவது தெரிய வேண்டுமென்றால் முப்பதாயிரம் கைக்கு மேல் வேண்டும். உன் வேகத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு வருடம். அதுவரை அந்த ஏழாயிரம் தாங்குமா?

ஒரு தரத்துக்கு நூறு பெரிய பிளைண்ட் என்றால், ஏழாயிரம் என்பது மேல் மேசையில் பதினான்கு தரம் உட்காரும் காசு. கீழ் மேசையில் முப்பத்தைந்து தரம். நான் சொல்ல வந்தது இதுதான், இறங்கு. முதலில் கொண்டுபோன பத்தாயிரம் திரும்பச் சேர்ந்தால் அப்போது ஏறு.

நீ மாட்டாய் என்று தெரியும். உனக்கு அது வெட்கம். சந்தியில் மதிலில் என் பெயர் பெரிதாக ஒட்டியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பிள்ளை. வீட்டு மேசையைச் சுற்றிப் பதினொரு பிள்ளைகள் இருந்த வகுப்பை விட்டு, நூற்றைம்பது பேருக்கு ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள் என்று நினைத்தேன். முப்பது பேர்தான் வந்தார்கள். நான்காம் மாதம் மண்டபத்தை விட்டேன். அந்தப் போஸ்டர் மட்டும் மழையில் கரையும் வரை மதிலில் இருந்தது, நான் சந்தைக்குச் சுற்றுப் பாதையால் போய் வந்தேன். இரண்டு கிழமைதான் அந்த வெட்கம். அதே வீட்டு மேசையில் வந்த காசுதான் பிறகு உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பியது.

எனக்குப் பயம் மூவாயிரம் இல்லை. விடியும் வரை எழும்பாமல் இருந்தேன் என்று மூன்று இரவுகளைப் பற்றிச் சொன்னாயே, அதுதான். உன் அம்மப்பா யாழ்ப்பாணத்தில் முந்நூற்றிநாலு சீட்டாட்டம் விளையாடும்போது முதல் இரண்டு ஆட்டம் தோற்றால், மூன்றாவதில் கையில் ஒன்றும் இல்லாமலே கேள்வியை (ஏலத்தை) ஏற்றிக்கொண்டு போவார். துரும்பைக் கவிழ்த்து வைக்கும்போதே கை நடுங்கும். எதிரில் இருந்தவர்கள் அந்த மூன்றாவது ஆட்டத்துக்காகத்தான் காத்திருப்பார்கள். அங்கே போனது காசில்லை, அவருடைய பெயர் மட்டும்தான். நீ இதை டில்ட் என்கிறாய். பெயர் வைத்துவிட்டால் அடங்கிவிடும் என்று நினைக்கிறாய் போல. எத்தனை மணிக்கு எழும்புவது என்பதை மேசைக்குப் போகுமுன் வீட்டிலேயே எழுதி வை. அங்கே உட்கார்ந்துகொண்டு முடிவு எடுக்காதே.

இன்னொன்று. இந்தப் பதினைந்து கிழமையும் நீ எனக்கு அனுப்பும் காசு ஒரு சதமும் குறையவில்லை. முதலில் சந்தோஷப்பட்டேன். இப்போது யோசிக்கிறேன், சம்பளத்திலிருந்தா, அந்த ஏழாயிரத்திலிருந்தா, கடன் அட்டையிலிருந்தா? எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது. வகுப்பில் ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ அனுப்பியதில் முக்கால்வாசி வங்கியில் அப்படியே கிடக்கிறது. மூன்று மாதம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், நான் சொன்னால் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

கடல்பக்க யன்னலின் கொக்கி உப்புக் காற்றில் அரித்து விழுந்துவிட்டது. கடைசி ரயில் போகும்போது கண்ணாடி அடிக்கிறது. ஆளைச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை இரவு உன் நேரத்துக்கு எடு, இங்கே ஞாயிறு காலையாக இருக்கும். கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஏஸ் சோடி கிங் சோடியிடம் தோற்ற கதை வேண்டாம், நூறில் பதினெட்டு தரம் அது தோற்கத்தான் செய்யும். அந்த மூன்று இரவுகளிலும் நடுச்சாமத்துக்குப் பிறகு, விட வேண்டும் என்று தெரிந்தும் காசைக் கட்டிய கைகளை மட்டும் சொல்லு. நான் தாளும் பென்சிலுமாக இருப்பேன்.

அம்மா